செம்பை விடாத சதுப்பு: ஹியூமிக் பொருள்களும் உலோகங்களும்

இலை, தழை, வேர் முதலியன மட்கும்போது மண்ணிலும், 'பீட்' எனப்படும் சதுப்புநில மட்கிலும் சேரும் கரும்பழுப்பு நிறக் கரிமப் பொருள்கள் ஹியூமிக் பொருள்கள் எனப்படும். செம்பு, ஈயம், இரும்பு போன்ற உலோகங்களின் அயனிகளை இவை இறுகப் பற்றிக்கொள்ளும். இப்பிடிப்பை வேதியியலார் விளக்குவதற்கு முன்பே சுரங்கக்காரர்கள் கண்டுகொண்டு பயன்படுத்தினர்.

ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரான்ஸ் கார்ல் ஆஷார்ட் 1786இல் பீட்டைக் காரக் கரைசலில் ஊறவைத்தார். கிடைத்த கருநிற நீரில் அமிலம் சேர்த்ததும் கரும் வீழ்படிவு இறங்கியது. அதுவே பின்னாளில் ஹியூமிக் அமிலம் எனப்பட்டது. (சர்க்கரை பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையை அமைத்தவரும் இவரே. தமிழில் எழுதினால் இரண்டும் 'பீட்' ஆகிவிடுவதால் மாணவர்கள் குழம்புவதுண்டு.)

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வட வேல்ஸில் டோல்கெல்லாய் ஊருக்கு அருகே ஒரு சதுப்பில் விந்தையான தொழில் நடந்தது. செம்புத் தாது உள்ள மலையிலிருந்து கசிந்த நீர் அந்தச் சதுப்பில் ஊறியது. நீரில் கரைந்திருந்த செம்பைப் பீட் பிடித்து வைத்துக்கொண்டது. மக்கள் அந்தப் பீட்டை வெட்டி, காயவைத்து, சூளைகளில் எரித்தனர். சாம்பலில் செம்பு மிகுந்திருந்ததால் அதை உருக்குவதற்கு ஸ்வான்சி நகருக்கு அனுப்பினர். தாதுக்கல்லை உடைக்காமல் சேற்றை எரித்துச் செம்பு எடுத்திருக்கிறார்கள்!

செம்பு மிகுந்த மலையடியில் பிழைப்புத் தந்த அதே பிடிப்பு, செம்பு குறைந்த நிலத்தில் உழவரை வாட்டியது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் எவர்கிளேட்ஸ் சதுப்பை வடித்து உழவு தொடங்கியபோது, கருகருவென்றிருந்த மண்ணில் பயிர் தேறவில்லை. அங்கே செம்பு இயல்பாகவே குறைவு. இருந்த சிறிதளவையும் மட்கு எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. மயில்துத்தம் இட்டால் பயிர் எழும்புகிறது என்று அம்மாநில ஆய்வாளர்கள் 1927இல் வெளியிட்டனர். செம்பு தாவரங்களுக்கு இன்றியமையாதது என்பதே 1931இல்தான் நிறுவப்பட்டது. மருந்து முதலில், நோயின் காரணம் பிறகு!

ஹியூமிக் பொருள்களில் கார்பாக்சில், ஃபீனால் தொகுதிகள் நிறைய உள்ளன. இவை ஹைட்ரஜன் அயனியை விட்டு எதிர்மின்னூட்டம் பெற்று, நேர்மின்னூட்டமுள்ள உலோகத்தை ஈர்க்கின்றன. அருகருகே உள்ள இரு தொகுதிகள் ஒரே அயனியை நண்டின் கொடுக்குபோல் கவ்வினால் அது கொடுக்கிணைப்பு. செம்பு இதில் குறிப்பாக வலுவாகப் பிணைகிறது. மண் அமிலத்தன்மை அடைந்தால் ஹைட்ரஜன் அயனிகள் போட்டிக்கு வருவதால் பிடி தளரும்.

ஹங்கேரி இயற்பியலாளர் ஷாண்டோர் சாலாய், நீரில் உள்ளதைவிடச் சுமார் 10,000 மடங்கு செறிவாக யுரேனியத்தைப் பீட் சேர்க்கக்கூடும் என்று காட்டினார். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1964இல் வெளிவந்தது.

2015இல் யோகன்னஸ் லேமன், மார்க்கஸ் கிளெபர் ஆகியோர் ஆஷார்டின் முறையையே கேள்விக்குள்ளாக்கினர். காரத்தில் எடுக்கும் ஹியூமிக் அமிலம் மண்ணில் அதே வடிவில் இருப்பதில்லை என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் வேல்ஸ் மக்கள் காரம் எதையும் ஊற்றவில்லை. அவர்கள் எரித்த பீட்டில் செம்பு இருந்தது.