பெயரில்லாக் குற்றத்திற்குப் பெயரிட்டவர்

சொல்லை ஆள்வோர் கூடிய மன்றம் நம்முடையது. பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், உலக வரலாற்றில் ஒரு சொல் பிறந்த கதையை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும். அஃது இனிய சொல் அன்று. 'இனப்படுகொலை' என்பதே அச்சொல். இனம், படுகொலை என்னும் இரண்டையும் இணைத்து நாம் இதனை ஆக்கிக்கொண்டோம். இதற்கு மூலமான 'ஜெனோசைடு' என்பதும் 1944க்கு முன் அச்சேறியதில்லை. செயல் மிகப் பழையது. அதற்குரிய பெயர்தான் புதியது.

மாணவர் கேட்ட கேள்வி

அச்சொல்லை ஆக்கியவர் ராபேல் லெம்கின். அன்று உருசியப் பேரரசின் ஆட்சியில் இருந்ததும் இன்று பெலாருஸ் நாட்டில் அடங்குவதுமான வோல்கோவிஸ்க் நகருக்கு அருகில், 1900ஆம் ஆண்டு, யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். கதையும் கவிதையும் அன்னை பெல்லாவிடம் கேட்டு வளர்ந்தவர். லுவோவ் பல்கலைக்கழகத்தில் முதலில் மொழியியல் பயின்றார். பின்னரே சட்டத்தின் பக்கம் திரும்பினார்.

திருப்பத்திற்குக் காரணமானது 1921இல் பெர்லின் நகரில் நிகழ்ந்த ஒரு கொலை. முதல் உலகப் போரின்போது ஒட்டோமான் பேரரசில் ஆர்மேனியர் இலட்சக்கணக்கில் அழிக்கப்பட்டனர். அதற்குப் பொறுப்பானவர்களுள் முதன்மையானவர் தலாத் பாஷா. அவரை ஆர்மேனிய இளைஞர் ஒருவர் தெருவில் சுட்டுக் கொன்றார். ஒருவரைக் கொன்றவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க, ஓர் இனத்தையே கொல்வித்தவரைத் தண்டிக்கச் சட்டம் ஏன் இல்லை என்று லெம்கின் தம் பேராசிரியரிடம் கேட்டார். கோழி வளர்ப்பவன் தன் கோழிகளைக் கொன்றால் அது அவன் உரிமை, பிறர் தலையிடலாகாது என்னும் பொருளில் விடை வந்தது. நாட்டின் இறையாண்மைக்கு அக்காலத்துச் சட்டம் தந்த இலக்கணம் அதுவே. ஆர்மேனியர் கோழிகள் அல்லரே என்பது மாணவரின் மறுமொழி. அந்த மறுமொழிக்குச் சட்ட வடிவம் தருவதிலேயே அவருடைய எஞ்சிய வாழ்நாள் கழிந்தது.

சொல் பிறந்தது

1933இல் மாட்ரிட் நகரில் கூடிய சட்ட மாநாட்டிற்கு லெம்கின் இரண்டு புதிய குற்றங்களை முன்மொழிந்து அனுப்பினார். ஒன்று, ஒரு மக்கட் கூட்டத்தை அழிப்பது. மற்றொன்று, அம்மக்களின் கலையையும் பண்பாட்டையும் அழிப்பது. இரண்டையும் எவரும் ஏற்கவில்லை. 1939இல் நாஜிப் படைகள் போலந்தில் நுழைந்தன. லெம்கின் பெற்றோரைக் கடைசி முறையாகக் கண்டு விடைபெற்றார்; லித்துவேனியா, சுவீடன் வழியாக 1941இல் அமெரிக்கா சேர்ந்தார். கைப்பற்றிய நாடுகளில் நாஜிகள் வெளியிட்ட ஆணைகளையும் சட்டங்களையும் அவர் திரட்டி வைத்திருந்தார். யார் எவ்வளவு உண்ணலாம், யார் யாரை மணக்கலாம், எம்மொழி பள்ளியில் ஒலிக்கலாம் என வரையறுத்த அந்தத் தாள்களே அவருக்குச் சான்றுகளாயின.

1941 ஆகஸ்டில் பிரித்தானியப் பிரதமர் சர்ச்சில் வானொலியில் பேசுகையில், பெயரில்லாததொரு குற்றத்தின் முன் நிற்கிறோம் என்றார். லெம்கின் அதற்குப் பெயர் தேடினார். இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் கொலையைக் குறிக்கும் இலத்தீன் ஈற்றையும் ஒட்டினார். 1944இல் வெளிவந்த அவரது நூலில் அச்சொல் முதன்முதலாக இடம்பெற்றது. போர் முடிந்தபின்னர்தான், தம் பெற்றோர் உட்பட உற்றார் 49 பேர் மாண்டதை அவர் அறிந்தார்.

1946 டிசம்பர் 11 அன்று இனப்படுகொலை பன்னாட்டுக் குற்றம் என ஐக்கிய நாடுகள் பொதுப் பேரவை அறிவித்தது. அத்தீர்மானத்தைக் கொணர்ந்த மூன்று நாடுகள் கியூபா, பனாமா, இன்னும் விடுதலை பெறாத நம் இந்தியா என்பதை நாம் மறக்கலாகாது. 1948 டிசம்பர் 9 அன்று பாரிஸ் நகரில் இனப்படுகொலைத் தடுப்பு, தண்டனை உடன்படிக்கை நிறைவேறியது. தம் தாயின் கல்லறையில் பொறித்த எழுத்தாகவே அதனை லெம்கின் கருதினார். 1959 ஆகஸ்ட் 27 அன்று இந்தியா அவ்வுடன்படிக்கைக்கு ஏற்புறுதி அளித்தது. மறுநாள், நியூயார்க் நகரில், வறிய நிலையில் லெம்கின் காலமானார். இறுதி வணக்கத்திற்கு வந்தோர் மிகச் சிலரே.

சொல்லின் எல்லை

உடன்படிக்கையில் லெம்கின் விரும்பியவை எல்லாம் இடம்பெறவில்லை. தேச, இன, நிற, சமயக் குழுக்கள் காக்கப்பட்டன. அரசியற் குழுக்கள் விடப்பட்டன. பண்பாட்டழிப்பும் நீக்கப்பட்டது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததையும், 1992இல் சரயேவோ நூலகம் எரிந்ததையும் அறிந்த நமக்கு இவ்விடுபாட்டின் பொருள் விளங்கும்.

பெயர் கிடைத்தபின் வேறொரு தீங்கும் நேர்ந்தது: அப்பெயரைச் சொல்ல அஞ்சுவது. 1994 ஏப்ரலில் ருவாண்டாவில் துட்சி மக்கள் வெட்டி வீழ்த்தப்பட்டபோது, பாதுகாப்பு அவை அங்கிருந்த அமைதிப் படையை ஏறத்தாழ 270 பேராகக் குறைக்க முடிவு செய்தது. அமெரிக்க அரசின் பேச்சாளர்கள் வாரக்கணக்கில் அச்சொல்லை முழுமையாக உச்சரிக்கத் தயங்கினர். உச்சரித்தால் செயற்படும் கடமை வந்துவிடுமே என்னும் அச்சம். ஏறத்தாழ நூறு நாளில் எட்டு இலட்சம் அளவினர் மாண்டனர்.

எனினும் சட்டம் மெல்ல நடந்தது. 1998இல் ருவாண்டா நகரத் தலைவர் அகயேசுவுக்கு எதிராக, பன்னாட்டுத் தீர்ப்பாயமொன்றின் முதல் இனப்படுகொலைத் தீர்ப்பு வந்தது. 2007இல் அனைத்துலக நீதிமன்றம், கொடுமை நேரும் வரை ஓர் அரசு காத்திருத்தல் ஆகாது என்றது. கடும் ஆபத்து உண்டென அறிந்த கணத்திலேயே தடுக்கும் கடமை தொடங்குகிறது என வரையறுத்தது. சிரெப்ரெனிட்சாவில் அக்கடமையில் செர்பியா தவறியது என்பது அம்மன்றத்தின் முடிவு.

கவிஞர்க்கு ஒரு சொல்

ஆபத்தை முன்கூட்டி எவ்வாறு அறிவது? ருவாண்டாவில் வெட்டரிவாளுக்கு முன்னே சொல் வந்தது. ஏடுகளும் வானொலியும் துட்சிகளைக் 'கரப்பான்' என்றன. புகழ்பெற்ற பாடகர் சைமன் பிகிந்தியின் பாடல்கள் அவ்வானொலியில் மீண்டும் மீண்டும் ஒலித்தன. அவற்றுள் இரண்டு இனப்பகையைத் தூண்டும் நோக்குடையவை எனத் தீர்ப்பாயம் கண்டது; ஒலிபெருக்கியில் அவர் கொல்லத் தூண்டியதற்காக 2008இல் 15 ஆண்டுச் சிறை விதித்தது. 1995இல் சிரெப்ரெனிட்சாவில் எண்ணாயிரம் அளவிலான ஆடவரும் சிறுவரும் கொல்லப்பட்டமைக்காக 2016இல் இனப்படுகொலைக் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்ற ரதோவன் கராஜிச், கவிதை நூல்கள் வெளியிட்டவர்.

கவிதை மனத்தைப் பண்படுத்தும் என்று நாம் நம்புகிறோம். அந்நம்பிக்கைக்கு இவ்விருவரும் கடிய மறுப்பாக நிற்கின்றனர். மனிதரைப் புழுவென்றும் பூச்சியென்றும் பேசும் உவமை முதலில் ஒரு மேடையிலோ ஒரு பாட்டிலோதான் எழுகிறது. கைதட்டல் பெற்றபின் அதனைத் திரும்பப் பெறுதல் அரிது. படையும் அதிகாரமும் இல்லாத ஒருவர், ஒரு சொல்லைக் கையில் ஏந்தி உலக நாடுகளின் கதவுகளைத் தட்டிச் சட்டம் பெற்றார். அவ்வளவு வலிமை நம் கையிலுள்ள சொல்லுக்கும் உண்டு. பிறர் மேடையில் அத்தகைய உவமை எழும்போது கண்டிப்பது எளிது. நம் மேடையில், நம் நண்பர் வாயில் எழும்போதும் எழுந்து நின்று மறுப்பதே நம் மன்றத்தின் அடுத்த பத்தாண்டுக்குரிய கடமையாகும்.