காசின் கணக்கைக் கேட்கிறோம், உயிரின் கணக்கைக் கேட்கிறோமா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன வருடம் எங்கள் ஆறாம் தரப் பிள்ளைகள், பாடசாலைக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிள் அடித்துப் போட்ட ஒரு கட்டாக்காலி நாயைக் கண்டார்கள். பின்கால் இரண்டும் இழுபட்டுக் கிடந்தன. ஆசிரியர்கள் நாங்கள் சிலர் சேர்ந்து, விலங்குகளைப் பராமரிப்பதாகச் சொன்ன ஒரு குழுவிடம் அதை ஒப்படைத்தோம். பிள்ளைகள் உண்டியலில் சேர்த்த காசையும் கொடுத்தோம். அதன்பிறகு அந்த நாயின் படம் வாட்ஸ்அப்பில் மாதக்கணக்கில் சுற்றியது. கீழே வங்கிக் கணக்கு இலக்கம். "சேர், நாய் இப்ப நடக்குதா?" என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாங்களும் விசாரித்தோம். கடைசியில் ஒருவர் சொன்னார்: கொண்டுபோன நாலாம் நாளே ஊசி போட்டுவிட்டார்களாம்.

ஊசி போட்டது பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. முள்ளந்தண்டு முறிந்த நாய்க்கு அதுவே கருணையாக இருந்திருக்கலாம். செத்த நாயின் படத்தைக் காட்டித் தொடர்ந்து காசு சேர்த்ததுதான் பிழை. பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபோதுதான் இந்த விடயத்தின் வரலாற்றைத் தேடி வாசித்தோம்.

நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம். வெள்ளைக்காரர் காலத்தில் 1893இல் விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டமும், 1901இல் நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டமும் வந்தன. அதன்பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கட்டாக்காலி நாயைப் பிடித்துக் கொல்வதே வழக்கம். அப்படிக் கொன்றும் 1973இல் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். 2006இல் நாய்களைக் கொல்வதை நிறுத்தும் கொள்கையை அரசு அறிவித்தது. தடுப்பூசியும் கருத்தடையும் முன்னுக்கு வந்தன. அந்த மரணங்கள் இப்போது வருடத்துக்குச் சில பத்துகளாகக் குறைந்துள்ளன.

கடலுக்கு அந்தப் பக்கம் சென்னையில் இன்னும் தெளிவான பாடம் இருக்கிறது. அங்கே மாநகராட்சி 1860இல் நாய் கொல்லத் தொடங்கியது. 1995 அளவில் நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டதாகப் புளூ குறொஸ் அமைப்பு கணக்குக் காட்டியது. கொன்றால் குறையும் என்றால் 135 ஆண்டுகளில் குறைந்திருக்க வேண்டுமே? இந்தக் கேள்வியை எழுப்பியது கண்ணீர் வரவழைக்கும் படம் அல்ல, கொல்லப்பட்டவற்றின் எண்ணிக்கை. 1996இல் மாநகராட்சி கருத்தடைத் திட்டத்துக்கு மாறியது. எண்ணிக்கையை மறைத்திருந்தால் இன்னும் கொன்றுகொண்டே இருந்திருப்பார்கள்.

கருணை அமைப்புகளே கொல்லும் வேலையைப் பொறுப்பெடுத்த வரலாறும் உண்டு. நியூயோர்க்கில் ஹென்றி பேர்க் என்பவர் 1866இல் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கினார். நகரத்தின் நாய்ப் பட்டியை ஏற்று நடத்த அவர் சம்மதிக்கவில்லை. அவர் இறந்து ஆறு ஆண்டுகளின் பின், 1894இல் சங்கம் அதை ஏற்றது. அடுத்த நூறு வருடம், மிருகங்களைக் காக்கப் பிறந்த சங்கமே நகரத்தின் கட்டாக்காலிகளைக் கொன்றது.

பிறகு அமெரிக்காவில் "நாங்கள் கொல்லுவதில்லை" என்று சொல்லும் காப்பகங்கள் பெருகின. நூற்றுக்குத் தொண்ணூறு உயிர் தப்பினால் அந்தப் பெயரை வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். ஆனால் இதிலும் ஒரு தந்திரத்துக்கு இடமுண்டு. நோயாளி நாயையும் கிழட்டு நாயையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினால் காப்பகத்தின் கணக்குச் சுத்தமாக இருக்கும். நாய் தெருவில் சாகும். எதையும் தள்ளாமல் ஏற்கும் இடத்தில் இறப்பு கூடுதலாகத் தெரியும். ஆகவே குறைந்த எண் என்றால் நல்ல இடம் என்றும் சொல்ல முடியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2004இல் கலிபோர்னியாவின் அசிலோமரில் காப்பகத் தலைவர்கள் கூடி, சுகமானது, சுகப்படுத்தக்கூடியது, சுகப்படுத்த முடியாதது என்று வகை பிரித்து எல்லோரும் ஒரே முறையில் கணக்கு வைக்க இணங்கினார்கள்.

வேர்ஜினியா மாநிலத்தில் இதைச் சட்டமே கேட்கிறது. ஒவ்வொரு காப்பகமும் எத்தனை வந்தன, எத்தனை கொல்லப்பட்டன என்று வருடந்தோறும் அரசுக்கு அறிவிக்க வேண்டும். உலகப் புகழ்பெற்ற பீட்டா அமைப்பு அங்கே தனது காப்பகத்துக்கு வரும் விலங்குகளில் பெரும்பாலானவற்றைக் கருணைக்கொலை செய்கிறது என்பது இந்த அறிக்கைகளால்தான் வெளியே தெரிந்தது. யாரும் ஏற்காதவையே தங்களிடம் வருகின்றன என்பது அவர்கள் பதில். ஏற்பதா மறுப்பதா என்பது வேறு கதை. கேள்வியும் பதிலும் பகிரங்கமாக நடக்கின்றன, காசு கொடுப்பவர் அறிந்து கொடுக்கிறார்.

இப்போது நம் தீவுகளுக்கு வருவோம். கோடையில் நெடுந்தீவுக் குதிரைகள் தண்ணீரில்லாமல் சாகும் படங்கள் வருகின்றன. ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் அடிபட்ட நாய், பூனைகளுக்கு உதவி கேட்கிறார்கள். வெளிநாட்டு உறவுகள் மனமிரங்கி அனுப்புகிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலானோர் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். எவரையும் குற்றஞ்சாட்ட இந்தப் பதிவை எழுதவில்லை.

ஆனால் கணக்குக் கேட்பது அவமரியாதை அல்ல. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்து முகாம்களில் பிறர் கொடுத்ததில் வளர்ந்த குடும்பங்கள் எங்களுடையவை. பட்டியலில் பெயர் இருந்து கையில் சாமான் இல்லாமல் நின்ற நாட்களை எங்கள் உம்மாமார் இன்றும் சொல்வார்கள். அவர்களாவது வாய் திறந்து கேட்டார்கள். நாய்க்குக் கேட்க வாயில்லை. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் சம்பவத்தையும், பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் சம்பவத்தையும் மத்ரஸாவில் படித்தவர்கள் நாங்கள். ஸதகாவாகக் கொடுத்த காசு பெற்றவர் கையில் ஒரு அமானிதம்.

ஆகவே காசு அனுப்பமுன் இந்த ஐந்தையும் கேளுங்கள்: இந்த வருடம் எத்தனை வந்தன? எத்தனை வீடு சேர்ந்தன? எத்தனை தாமாக இறந்தன? எத்தனைக்கு ஊசி போடப்பட்டது, எந்த மிருக வைத்தியரின் முடிவில்? எத்தனையைத் திருப்பி அனுப்பினார்கள்? "வந்தது நூறு, நாற்பதுக்கு ஊசி போட்டோம், காரணம் இது" என்று சொல்பவருக்கு நாங்கள் தாராளமாகக் கொடுப்போம். ஒரு எண்ணும் சொல்லாமல் படம் மட்டும் அனுப்புபவருக்குக் கொடுக்கமாட்டோம்.

பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லிவிட்டோம். இரண்டு பேர் அழுதார்கள். ஒரு பிள்ளை கேட்டது: "அப்ப எங்கட காசு எந்த நாய்க்குப் போனது, சேர்?" இன்னும் பதில் இல்லை. இந்த வருட உண்டியலை அந்த ஐந்து கேள்விக்கும் எழுத்தில் பதில் தருபவரிடம்தான் கொடுப்பது என்று வகுப்பில் முடிவெடுத்திருக்கிறோம். அப்படி யாரையாவது தெரிந்தால் கீழே சொல்லுங்கள்.