கொள்ளிட முகத்துவாரத்தில் நங்கூரமிடல்

ஸ்ரீரங்கம் தீவின் வடபுறம் ஓடும் கொள்ளிடம் பழையாறு அருகே வங்கக்கடலில் கலக்கிறது. திருச்சிவரை ஓதம் எட்டாது. முகத்துவாரத்தில் நாளுக்கு இருமுறை ஏறி வடியும். ஏற்றம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் வடியும் ஓதத்தோடு ஆற்று வெள்ளமும் சேர்ந்தால் இழுப்பு கடுமையாகும். மணல்திட்டுகளும் இடம் மாறும். இரவு தங்கும் பாய்மரப் படகு, ஓதம் உச்சத்தில் உள்ள ஆழத்தோடு நீர்மட்டத்திலிருந்து படகு முகப்பின் உயரத்தையும் கூட்டி, அதைப்போல் 5 முதல் 7 மடங்கு கயிறு விட வேண்டும். ஓதம் திரும்பினால் படகும் நங்கூரத்தைச் சுற்றித் திரும்பும். அந்த வட்டம் முழுவதும், வற்றிய நேரத்திலும், அடி தட்டாத ஆழம் தேவை.

புயலுக்கு இக்கரையில் மறைப்பே இல்லை. 1749 ஏப்ரல் புயலில், பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி போஸ்கவனின் தலைமைக் கப்பலான ‘நாமூர்’ கடலூர் புனித டேவிட் கோட்டை அருகே மூழ்கியது. 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.