நரேந்திர குமார் அரோராவின் குழந்தை நரம்பு வளர்ச்சி ஆய்வு

ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாடு, கற்றல் குறைபாடு, வலிப்பு முதலிய நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள் இந்தியக் குழந்தைகளிடம் எந்த அளவு உள்ளன என்பதை வீடு வீடாகச் சென்று கணக்கிட்ட ஆய்வு. புதுதில்லி இன்கிளென் அறக்கட்டளையின் குழந்தை மருத்துவர் நரேந்திர குமார் அரோரா இதற்குத் தலைமை வகித்தார். கேரளத்தின் எம்.கே.சி. நாயர், தில்லி எய்ம்ஸின் ஷெஃபாலி குலாட்டி உள்ளிட்ட பலர் உடன் பணியாற்றினர். முடிவுகள் 2018 ஜூலையில் 'பிளாஸ் மெடிசின்' இதழில் வெளிவந்தன. கொரோனாத் தடுப்பூசிக் காலத்துச் செய்திகள் வழியாக அரோராவை அறிந்தவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. குழந்தைகளுக்காக அவர் செய்த இந்தப் பணி தடுப்பூசிப் பணியைவிடக் குறைந்ததன்று.

களமும் கணக்கும்

மலைப்பகுதிக்கு இமாசலத்தின் காங்ரா, சமவெளிக்கு அரியானாவின் பல்வல், பழங்குடிப் பகுதிக்கு ஒடிசாவின் டெங்கானல், கடலோரத்துக்கு வடகோவா, நகரத்துக்கு ஐதராபாத் என ஐந்து இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 2 முதல் 9 வயது வரையான 3,964 குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டனர். ஆறு வயதுக்கு உட்பட்டோரில் 9.2 விழுக்காட்டினருக்கும், 6 முதல் 9 வயதுள்ளோரில் 13.6 விழுக்காட்டினருக்கும் ஏதேனும் ஒரு குறைபாடு இருந்தது. பார்வை, செவித்திறன் குறைபாடுகளும் இதில் அடங்கும்; முழு எண்ணையும் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதுவது தவறு. பாதிப்புள்ள குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் இருந்தன.

கருவிகள்

மேலைநாட்டுக் கேள்வித்தாள்கள் விலை கூடியவை. நம் வீடுகளின் பழக்கவழக்கங்களுக்குப் பொருந்தாத கேள்விகளும் அவற்றில் உண்டு. ஆகவே இக்குழுவினர் ஆட்டிசத்துக்கும் ஏ.டி.எச்.டி.க்கும் தனித்தனிக் கண்டறிகருவிகளை இந்திய மொழிகளில் உருவாக்கி 2014-இல் வெளியிட்டனர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, பிடித்த பொருளை விரலால் சுட்டி அம்மாவுக்குக் காட்டுகிறானா, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுகிறானா என்று தாயிடம் கேட்பார்கள். கேட்டுக்கொண்டே குழந்தையையும் கவனிப்பார்கள். "நல்லாத்தான் பார்ப்பான்" என்று தாய் சொன்னாலும், அங்கே தரையில் அமர்ந்து பொம்மை வண்டியின் சக்கரத்தை மட்டும் சுழற்றிக்கொண்டிருக்கும் பிள்ளை எத்தனை முறை நிமிர்ந்து பார்த்தான் என்பதும் குறிப்பில் ஏறும்.

கவனக்குறைவைக் கண்டறிவது இதைவிடக் கடினம். வகுப்பில் ஓரிடத்தில் உட்காராத பிள்ளையைச் 'சேட்டைக்காரன்' என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஏ.டி.எச்.டி. என்று முடிவுசெய்ய, அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என ஓரிடத்துக்கு மேல் தென்பட வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஏ.டி.எச்.டி.யும் இருக்கலாம் என்பதை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013-இல்தான் ஏற்றது.

தடுக்கக் கூடியவை

இந்த ஆய்வின் மிகப் பயனுள்ள பகுதி இதுவே. வீட்டுப் பிரசவம், பிறந்தவுடன் மூச்சுத் திணறல், பச்சிளம் பருவ நோய், மூளைத் தொற்று, குறைமாதம் அல்லது எடைக்குறைவு, வயதுக்கேற்ற உயரமின்மை ஆகியவற்றோடு இக்குறைபாடுகளுக்குத் தொடர்பு காணப்பட்டது. தமிழ்நாட்டில் 2019–21 குடும்பநல ஆய்வின்படி 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நிகழ்ந்தன. எனவே இங்கே எஞ்சியிருக்கும் வேலை கர்ப்பிணியின் ஊட்டத்திலும், பிரசவ அறையின் முதல் சில நிமிடங்களிலும் இருக்கிறது. ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு பெரிது; எந்தத் தாயும் தன் வளர்ப்பைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

கண்டறிந்த பின்

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளிடம் நடந்த 'பாஸ்' என்னும் வேறோர் ஆய்வு 2016-இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்தது. மருத்துவப் பட்டம் இல்லாத பயிற்சி பெற்ற பணியாளர்கள், தாயும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்துத் தாயோடு சேர்ந்து பார்த்து வழிகாட்டினர். பெற்றோர் குழந்தைக்கு ஈடுகொடுத்துப் பேசுவது கூடியது, குழந்தை தானாகப் பேச்சைத் தொடங்குவதும் கூடியது; ஒரே பொருளில் இருவரும் கவனம் வைக்கும் நேரம் மட்டும் குறைந்தது. நிபுணர்கள் நகரங்களில் குவிந்திருக்கும் நாட்டுக்கு இது பெரிய நம்பிக்கை.

பாப்பிரெட்டிப்பட்டியில்

ஆய்வின் ஐந்து இடங்களில் தமிழ்நாடு இல்லை. ஆயினும் தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி போன்ற வட்டத்துக்கே இதன் பயன் அதிகம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். ஐயம் எழுந்தால் தருமபுரியிலுள்ள மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். 18 வயது வரை சேவை இலவசம். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வரும் குடும்பத்துக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி இழப்பு. பயிற்சி பிள்ளையின் ஊருக்கே வந்தாக வேண்டும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, ஏ.டி.எச்.டி. இல்லை. இது சரிசெய்யப்பட வேண்டிய விடுபாடு.

"ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்" என்ற ஆறுதலில் பல வீடுகளில் ஆண்டுகள் கழிகின்றன. ஒரு வயதாகியும் பெயருக்குத் திரும்பாத, 16 மாதத்தில் ஒரு சொல்லும் வராத, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையை உடனே அங்கன்வாடிப் பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டுங்கள். காது கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள்.