பன்னிரண்டு சிலிண்டருக்கும் ஒரே மூச்சு

இன்றைக்குப் பழைய ரேஸ் எஞ்சின்களின் சிலிண்டர் ஹெட் பற்றிப் பேசலாம்னு இருக்கேன். முதலில் என் சொந்தக் கதை. கல்லூரி நாட்களில் என் பைக்கின் ஹெட்டை ஒரு பட்டறையில் 'போர்ட் பாலிஷ்' பண்ணக் கொடுத்தேன். மெக்கானிக் அண்ணன் காற்று நுழைகிற வழியை நன்றாக அகலமாகக் குடைந்து, கண்ணாடி மாதிரி தேய்த்துக் கொடுத்தார். பார்க்க அவ்வளவு அழகு. வண்டியை எடுத்தா, சிக்னல்ல இருந்து கிளம்பவே மாட்டேங்குது! வழி பெரிதானால் அதே காற்று மெதுவாகத்தான் போகும். குறைந்த ஆர்பிஎம்மில் பெட்ரோல் சரியாகக் கலக்காது, சிலிண்டரும் நிரம்பாது.

இந்தக் காற்றோட்டத்தை அளந்தே தொழில் செய்தவர் இங்கிலாந்தின் ஹாரி வெஸ்லேக். ஹெட்டின் வழியாகக் காற்றை இழுத்து, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒவ்வொரு திறப்பிலும் எவ்வளவு காற்று போகிறது என்று குறித்துக்கொள்வார். 1935-ல் வில்லியம் லயன்ஸ் தன் புதிய எஸ்எஸ் ஜாகுவார் காருக்காக இவரிடம் போனார். 70 சொச்சம் குதிரைத்திறன் தந்துகொண்டிருந்த ஆறு சிலிண்டர் சைடு வால்வு எஞ்சின் அது. வால்வுகளை மேலே கொண்டுபோன வெஸ்லேக்கின் ஹெட் அதை 100-க்கு மேல் ஏற்றிவிட்டது. பிறகு 1948-ல் வந்த ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சினின் ஹெட்டிலும் அவர் கை உண்டு. அந்த எஞ்சின் 1951-லிருந்து 1957-க்குள் லெ மான் பந்தயத்தை ஐந்து முறை ஜெயித்தது.

ஆனால் அந்தக் காலத்து ஹெட்டில் ஒரு சிக்கல். பெரிய வால்வு இரண்டை வைக்க, அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று நன்றாகச் சாய்க்க வேண்டும். எரியறை அரைக்கோளமாக ஆழமாகிவிடும். கம்ப்ரஷனை ஏற்ற பிஸ்டன் தலையை மேடாக்கணும். மிச்சமிருக்கும் இடம் ஆரஞ்சுத் தோல் மாதிரி மெல்லிசாகி, நெருப்பு அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு மெதுவாகப் பரவும். காற்று நிறைய வந்தும் முழுப் பலன் இல்லை.

இன்னொரு விஷயம், சமநிலை. ஒரு சிலிண்டரின் எரியறை மற்றதைவிடச் சின்னதாக இருந்தால் அங்கே கம்ப்ரஷன் கூடும், நாக்கிங் வரும். அந்த ஒன்றைக் காப்பாற்ற டைமிங்கைக் குறைத்தால் மற்ற எல்லா சிலிண்டரும் சேர்ந்து பவரை இழக்கும். அதனால்தான் ரேஸ் மெக்கானிக்குகள் ஹெட்டைக் கவிழ்த்து, அளவுக் குழாயில் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒவ்வொரு அறையையும் கன சென்டிமீட்டர் கணக்கில் சமப்படுத்துவார்கள். பொறுமையைச் சோதிக்கிற வேலை.

1967-க்கு வருவோம். ஜூன் 4, நெதர்லாந்தின் ஸாண்ட்வூர்ட். ஜிம் கிளார்க்கின் லோட்டஸ் 49-ல் காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சின் முதல் பந்தயத்திலேயே ஜெயித்தது. கீத் டக்வொர்த் சிலிண்டருக்கு நான்கு சின்ன வால்வுகள் வைத்தார். இது புதுசு இல்ல, 1912-ல் பெஜோ செய்ததுதான். புதுசு என்னன்னா, வால்வுகளுக்கு நடுவே வெறும் 32 டிகிரி கோணம். எரியறை மெல்லிசு, பிஸ்டன் தலை கிட்டத்தட்டச் சமதளம், ஸ்பார்க் பிளக் நடுவில். காற்றும் வந்தது, அது வேகமாக எரியவும் செய்தது. சுமார் 400 குதிரைத்திறன்.

சரியாக இரண்டு வாரம் கழித்து, ஜூன் 18, பெல்ஜியத்தின் ஸ்பா. டான் கர்னி தன் சொந்த ஈகிள் காரில் ஜெயித்தார். எஞ்சின், வெஸ்லேக் நிறுவனத்தின் வி12. அதிலும் நான்கு வால்வு, குறுகிய கோணம். யோசனையில் யாரும் பின்தங்கவில்லை என்பது என் கருத்து. இடறியது பட்டறையில். முதல் உலகப் போர்க் காலத்து மெஷின்கள், அளவு நிலையாக நிற்காது. ஒவ்வொரு எஞ்சினையும் கையால் பொருத்தித்தான் கட்டினார்கள். ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. டிஎஃப்வியோ 1968-லேயே மற்ற அணிகளுக்கும் போனது. அந்தக் குடும்ப எஞ்சின்கள் 1983 வரை 155 கிராண்ட் ப்ரீ வெற்றிகள் கண்டன. ஈகிள் வி12-க்கு உலக சாம்பியன்ஷிப்பில் ஸ்பா ஒன்றுதான்.

என் பைக்கைக் கேட்கிறீங்களா? குடைந்த அலுமினியத்தைத் திரும்ப ஒட்ட முடியுமா? பழைய மார்க்கெட்ல வேற ஹெட் தேடி வாங்கிப் போட்டேன்.