படை அகன்றது, போர் அகலவில்லை

1973 சனவரி 27-இல் பாரிசு நகரில் வியட்நாம் அமைதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மார்ச்சு 29-இல் அமெரிக்கப் போர்ப்படையின் இறுதி அணியும் அந்நாட்டை விட்டு அகன்றது. துப்பாக்கிகள் ஓய்ந்தனவா? இல்லை.

இரு தரப்புப் படைகளும் நின்ற இடத்திலேயே நிற்கலாம் என்ற விதியே வினையாயிற்று. தென்னாட்டில் இருந்த வடவர் படை விலகவில்லை; எது எவர் பகுதி என எல்லையும் வகுக்கப்படவில்லை. ஆதலின் ஊர்தோறும் கொடி நாட்டும் போட்டி மூண்டது. இடையில் மடிந்தோர் உழுகுடி மக்கள். கண்காணிக்க வந்த நான்கு நாடுகளுள் கனடா அவ்வாண்டே விலகிற்று. மெய்யான அமைதி இன்னும் வரவில்லை என்று லே டுக் தோ நோபெல் பரிசை மறுத்தார்.

1975 ஏப்ரல் 30-இல் சைகோன் வீழ்ந்தது. அங்கு வணிகம் புரிந்த தமிழருள் பலர் தாயகம் திரும்பினர். அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் நிற்கிறது.

அயற்படை அகல்வது அமைதியின் வாயில்; வீடு அன்று.