நிர்மல பவனம், நிர்மல நகரம்

கேரளத்தின் ஆலப்புழை நகராட்சி 2012 நவம்பரில் தொடங்கிய துப்புரவு இயக்கத்தின் பெயர் 'நிர்மல பவனம், நிர்மல நகரம்'. வீட்டில் உண்டாகும் மக்கும் குப்பையை அந்த வீட்டிலேயோ, தெருக்கோடியிலேயோ உரமாகவும் எரிவாயுவாகவும் மாற்றிவிட வேண்டும், ஊருக்கு வெளியே எதையும் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது என்பதே அதன் அடிப்படை. தெருவைப் பெருக்குவதில் தொடங்கும் இயக்கங்கள் நாட்டில் ஏராளம். ஆலப்புழை அடுக்களையில் தொடங்கியது.

இந்த முடிவை ஊர் மனமுவந்து எடுத்துவிடவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி ஆலப்புழையின் மக்கள்தொகை சுமார் 1.74 லட்சம். பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூரின் துறைமுகமாக வளர்ந்த ஊர் அது. வாடைக் கால்வாயும் வணிகக் கால்வாயும் நகரின் நடுவே ஓடுகின்றன. படகு வீடுகளைத் தேடி வெளிநாட்டவர் வந்து இறங்கும் இந்த ஊரின் குப்பை, நாளொன்றுக்குச் சுமார் 50 டன், லாரிகளில் ஏறி மாராரிக்குளம் தெற்கு ஊராட்சியில் உள்ள சர்வோதயபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. காந்தியச் சொல்லைப் பெயராகத் தாங்கிய அந்தச் சிற்றூருக்கு வாய்த்தது நாற்றமும் ஈயும் கெட்டுப்போன கிணற்று நீரும்தான்.

அங்கே உர ஆலை என்று ஒன்று அமைக்கப்பட்டும் குப்பை மலை குறையவில்லை. பல ஆண்டுகளாக முறையிட்டுப் பார்த்த மக்கள் 2012-இல் லாரிகளை மறித்தார்கள். போக்கிடம் இல்லாத குப்பை ஆலப்புழையின் தெருமுனைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் குவிந்தது. 2006-இல் சிக்குன்குனியாவால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டம் இது. கொசு பெருகினால் என்ன ஆகும் என்பதை யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்போதைய ஆலப்புழை சட்டமன்ற உறுப்பினர் தாமஸ் ஐசக் இந்த இயக்கத்தை முன்னின்று நடத்தினார். திட்டமிடும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்குத் தர 1996-இல் கேரளத்தில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தை வழிநடத்தியவர்களில் ஒருவர் அவர். 2001 முதல் 2011 வரை மாராரிக்குளம் தொகுதியின் உறுப்பினராகவும் இருந்தவர். இன்னொரு கிடங்குக்கு நிலம் தேடினால் இன்னொரு சர்வோதயபுரம்தான் உருவாகும் என்பது தெளிவாகிவிட்ட நிலையில், நகரின் 52 வார்டுகளில் 12 வார்டுகளை முதலில் எடுத்துக்கொண்டு வேலை தொடங்கியது.

வீடுகளுக்கு இரண்டு வழிகள் தரப்பட்டன. இடமும் வசதியும் உள்ளவர்களுக்குச் சிறிய எரிவாயுக் கலன். சோறு, காய்கறித் தோல், மீன் கழுவிய நீர் எல்லாம் அதற்குள் போகும். ஒரு கன மீட்டர் கலன் ஒழுங்காக ஊட்டப்பட்டால் அன்றாடம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அடுப்பு எரியும். விலையில் பெரும்பகுதியை அரசு மானியமாகத் தந்தது, மீதியை வீட்டுக்காரர் கட்டினார். அதற்கு வழியில்லாதவர்களுக்கு இரண்டு பி.வி.சி. குழாய்கள். மண்ணில் நட்டு, சாணமும் வெல்லக் கரைசலும் ஊற்றி, முதல் குழாயில் குப்பையைப் போட வேண்டும். அது நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்த குழாய்க்குப் போக வேண்டும், அதற்குள் முதலாவது மக்கிவிடும். புழு வைக்கிறது, மழைக்காலத்தில் நீர் ஏறுகிறது என்ற புகார்கள் குழாய் முறைக்கு வராமல் இல்லை. நீர்மட்டம் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கும் மண்ணில் அது எதிர்பார்க்க வேண்டியதே.

முற்றமே இல்லாத வீடுகளுக்காகவும் கடைத்தெருவுக்காகவும் வந்தது தும்பூர்முழி முறை. திருச்சூர் மாவட்டத்தில் தும்பூர்முழியில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தில் உருவானது அது. நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரத்தில், காற்றுப் புக இடைவெளி விட்டுக் கட்டிய பெட்டி. அடியில் சாணம், அதன்மேல் சருகு, அதன்மேல் குப்பை, மறுபடி சாணம் என்று அடுக்கு அடுக்காக நிரப்புவார்கள். சாணத்தில் உள்ள நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கியதும் உள்ளே வெப்பம் 70 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். ஈயின் முட்டையும் நோய்க்கிருமியும் அந்தச் சூட்டில் பிழைப்பதில்லை. மீன் குடலும் இறைச்சிக் கழிவும் கூட நாற்றமின்றி மக்கி, சுமார் 90 நாளில் கருத்த உரமாகிவிடும். காற்று உள்ளே ஓடுவதால் சாக்கடை போல நீர் கசிவதும் இல்லை.

விஞ்ஞானம் எளிது, அக்கம்பக்கத்தாரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. தன் வீட்டுக்கு எதிரே குப்பைப் பெட்டி வருவதை யார் விரும்புவார்? நகராட்சி பெரும்பாலும் ஏற்கெனவே குப்பை மேடாகக் கிடந்த இடங்களையே தேர்ந்தெடுத்தது. அந்த மேட்டை அகற்றி, கூரை போட்டு, சுவரில் ஓவியம் தீட்டி, சுற்றிலும் செடி வைத்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த இடம், நின்று பேசும் இடமானது. குப்பை கொண்டு வருபவரின் வாளியைப் பணியாளர் முதலில் பார்ப்பார். பிளாஸ்டிக் கலந்திருந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். இந்த ஒரு கண்டிப்பு, ஆயிரம் துண்டறிக்கை செய்யாததைச் செய்தது என்றே சொல்ல வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளும் இதில் சேர்ந்தார்கள். வீட்டில் சேரும் பிளாஸ்டிக் உறைகளைக் கழுவி, உலர்த்திக் கொண்டுவரும் பழக்கம் வகுப்புகள் வழியே பரவியது. வீதி நாடகங்களும் பாட்டுக் குழுக்களும் வார்டு வார்டாகச் சென்றன. இரவில் சாலையோரம் பை வீசுவோரைப் பிடிக்கக் கண்காணிப்பும் இருந்தது. அன்பும் அபராதமும் சேர்ந்துதான் இந்த ஊரை மாற்றின.

2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம், திடக்கழிவைச் சிறப்பாகக் கையாளும் ஐந்து நகரங்களில் ஒன்றாக ஆலப்புழையைக் குறிப்பிட்டது. உடன் இருந்தவை ஒசாகா, லியுப்லியானா, பினாங்கு, கொலம்பியாவின் கஹிக்கா. டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையமும் அதற்கு முன்பே மைசூரு, பனாஜி ஆகியவற்றோடு ஆலப்புழையைப் பாராட்டியிருந்தது. ஆனால் அதே 2017-இல் மத்திய அரசின் 'ஸ்வச் சர்வேக்ஷண்' தூய்மைத் தரவரிசையில் இடம்பெற்ற 434 நகரங்களில், முதல் 250-க்குள் கேரள நகரம் ஒன்றுகூட வரவில்லை. குப்பையை எவ்வளவு திறமையாக அள்ளி அகற்றுகிறோம் என்று அளப்பவருக்கு, அள்ள வேண்டிய தேவையையே குறைத்த ஊரின் அருமை எளிதில் புலப்படாது. இந்த இடத்தில் ஆலப்புழைக்கு அநீதி நடந்தது என்பதில் ஐயமில்லை.

குறைகளும் உண்டு. திடக்கழிவு குறைந்தபோதும் கால்வாய் நீர் தெளியவில்லை. வீடுகள், விடுதிகளின் கழிவுநீரும் செப்டிக் டேங்க் கசிவும் நேரே அதில்தான் கலக்கின்றன. ஐ.ஐ.டி. பம்பாயும் கேரள உள்ளாட்சி நிர்வாகக் கழகமும் சேர்ந்து நடத்திய 'கனால்பி' திட்டத்தில் மாணவர்கள் கரையோரமாகவே நடந்து, எந்தக் குழாய் எங்கே வந்து விழுகிறது என்று வரைபடம் தயாரித்தார்கள். உணவுக் கழிவைப் போல வாளியில் அள்ளிக் காட்ட முடியாத சிக்கல் இது. கோடிக்கணக்கில் பணமும் நிலத்தடிக் குழாய்களும் வேண்டும்.

2023 மார்ச் 2-ஆம் தேதி கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு தீப்பற்றி, பத்து நாளுக்கு மேல் அந்நகரைப் புகையில் ஆழ்த்தியது. அதன் பிறகு கேரளம் முழுவதும், ஆலப்புழையில் போலவே, உற்பத்தியாகும் இடத்திலேயே குப்பையைப் பிரித்துக் கையாளும் முறை வேகம் பெற்றது. கேரள அரசின் மகளிர் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீயின் பெண்களைக் கொண்ட ஹரித கர்ம சேனா இன்று வீடு வீடாகச் சென்று உலர்ந்த பிளாஸ்டிக்கை வாங்கிக்கொள்கிறது. அதற்கு மாதாந்திரக் கட்டணமும் உண்டு. மக்கும் குப்பையை மட்டும் அவர்கள் பொதுவாக வாங்குவதில்லை. அது அந்தந்த வீட்டாரின் பொறுப்பு.